என்னைப் பற்றி நானே

51 வயதில் என்னைப் பற்றி நானே எழுத வேண்டி வந்தது. கோவையில் ஒரு ஃபவுண்டரியில் 26 வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். நிர்வாகம் கைமாறியது, எங்கள் பிரிவை மூடினார்கள், கணக்கை முடித்துக் காசோலையைக் கையில் கொடுத்தார்கள். பெரிய கதை ஒன்றுமில்லை. இந்த ஊரில் அப்படி வீட்டுக்கு வந்தவர்களை வைத்தே ஒரு டவுன் பஸ்ஸை நிரப்பிவிடலாம்.

பெங்களூரில் ஹெச்.ஆர். வேலை பார்க்கும் அக்கா மகள் பொங்கல் லீவுக்கு வந்திருந்தாள். சாப்பிட்ட கையோடு லேப்டாப்பைத் திறந்தாள்.

"லிங்க்ட்இன்ல இருக்கீங்களா மாமா?"

இருந்தேன். 2013-ல் யாரோ அழைப்பு அனுப்ப, மரியாதைக்காக ஒரு கணக்கு திறந்திருந்தேன். போட்டோ கிடையாது. பெயருக்குக் கீழே 'இன்ஜினீயர்' என்று ஒரே ஒரு சொல். பெயர்ப்பலகை மாட்டிப் பூட்டிப்போட்ட வீடு மாதிரி கிடந்தது.

"பேருக்குக் கீழ 220 எழுத்து எழுதலாம். 'அபவுட்'ல 2,600 வரைக்கும் போகலாம். இத்தனை வருஷம் என்ன பண்ணுனீங்கன்னு சொல்லுங்க, நான் டைப் பண்றேன்."

"எல்லாரும் பண்றதத்தான் கண்ணு பண்ணுனேன்."

"இப்படிச் சொன்னா யாரு மாமா கூப்பிடுவாங்க?"

அவள் கேட்டதில் தப்பில்லை. எனக்குத்தான் வாய் வரவில்லை. நான் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது, பையன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டவர்களிடம் அப்பா "ஏதோ போறான் வாரான்" என்றுதான் சொன்னார். சொல்லும்போது முகமெல்லாம் பூரிப்பு. வாயில் மட்டும் அது வராது. அப்படி ஒரு வளர்ப்பு. தன்னைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழில் உள்ள சொற்களை எண்ணிப் பாருங்கள்: பீற்றல், ஜம்பம், சவடால், தம்பட்டம். எல்லாமே வசவு.

அன்று இரவு தூக்கம் வராமல் அந்தத் தளத்துக்குள் உலாவினேன். 2003 மே மாதம் தொடங்கிய தளம். 2016-ல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. உறுப்பினர்கள் 100 கோடிக்கு மேல். இத்தனை பேரில் பாதிப் பேர் எதையோ 'பணிவுடன்' அறிவித்துக்கொண்டிருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. பதவி உயர்வு வந்தாலும் பணிவு, விருது வாங்கினாலும் பணிவு, விமான நிலையத்தில் காபி குடித்தால் அதிலிருந்து தலைமைப் பண்புக்கு ஐந்து பாடங்கள். காந்திபுரத்துப் பிளெக்ஸ் பேனர்களில் கைகூப்பி நிற்பவர்களின் பணிவு எனக்குப் பழக்கம்தான். இது அதற்கு இங்கிலீஷ் மீடியம் தங்கை.

மறுநாள் காலையில் மருமகள் எனக்காக எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினாள். முடிவுகளை நோக்கி உழைக்கும் தலைவர், புதுமையில் தீராத வேட்கை கொண்டவர் என்று ஆங்கிலத்தில் ஓடியது. 'என்ர கல்யாணப் பத்திரிகைல வேற மாப்பிள்ளை பேர அடிச்ச மாதிரி இருக்குது கண்ணு' என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

அடுக்களையிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர்.

"ஏனுங்க, இதுக்கு நன்னூல்லயே அனுமதி இருக்குது. நீங்க என்னமோ பெருசா வெட்கப்படறீங்க."

நன்னூல் என்ற இலக்கண நூலை எழுதிய பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டுக்காரர். பெருந்துறைப் பக்கம் இருக்கிற சீனாபுரம்தான் அவர் ஊர் என்று எங்கள் கொங்கு நாட்டில் சொல்லிக்கொள்வோம். அந்த நூலின் பாயிரத்தில் இந்த விவகாரம் வருகிறது என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. புத்தகத்தை எடுத்து வந்து காட்டினாள். எத்தனை துறையைக் கரைத்துக் குடித்தவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று முதலில் அடித்துச் சொல்லிவிடுகிறார். உடனே அடுத்த நூற்பாவில் நான்கு இடங்களில் விலக்கும் கொடுக்கிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில் நிற்கும்போது, சபையில் வாதாடி ஜெயிக்க வேண்டியிருக்கும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது.

முதல் இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அரசவைக்கு ஓலை என்றால் வேலைக்கு விண்ணப்பம்தானே? திறமை அறியாதவர் நடுவில் நிற்பது என்றால், அது அன்றைய என் நிலைமையேதான். 26 வருடம் நான்கு சுவருக்குள் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. கேட்டுக்கு வெளியே வந்த அன்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த இரண்டு நூற்பாவுக்கும் முந்தையது இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ஒரு நூலையும் அதை எழுதியவரையும் அறிமுகப்படுத்தும் சிறப்புப் பாயிரத்தை யார் எழுதலாம்? ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரை எழுதியவர். மருமகளிடம் சொன்னேன். "இது ரெக்கமண்டேஷன் செக்ஷன் மாமா!" என்று கத்தினாள். மேலதிகாரி, சக ஊழியர், கீழே வேலை பார்த்தவர் என்று அந்தத் தளமும் அதையேதான் கேட்கிறது. பவணந்தியார் கூடவே வேலை செய்தவரைக் கேட்கிறார், வழிப்போக்கரை அல்ல. தளத்தில் 2012-லிருந்து இருக்கிற 'எண்டார்ஸ்மென்ட்' அப்படியில்லை, ஒரு தட்டு தட்டினால் போதும். எனக்கு 'மேடைப் பேச்சு' வரும் என்று ஒருவர் தட்டியிருக்கிறார். அவரை நான் பார்த்தது ஒரு கல்யாணத்தில், பந்தியில்.

அன்று மத்தியானம் நானே உட்கார்ந்து எழுதினேன். உரிச்சொல் ஒன்றும் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன். எஸ்.ஜி. அயர்ன் வார்ப்பில் மெக்னீசியம் சேர்த்த பிறகு இரும்பு நமக்காகக் காத்திருக்காது. பத்து நிமிடம் போல்தான் கணக்கு. அதற்குள் லேடிலில் இருக்கும் இரும்பை மோல்டில் ஊற்றாவிட்டால் மெக்னீசியத்தின் வீரியம் இறங்கிவிடும். உள்ளே உருண்டை உருண்டையாக நிற்க வேண்டிய கிராஃபைட் உருக்குலைந்து போகும். வெளியே பார்த்தால் வார்ப்பு ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். சுத்தியலால் தட்டினால் தெரிந்துவிடும். நல்லது கோவில் மணி மாதிரி 'ணங்' என்று நீளும். கெட்டது 'டொக்' என்று அங்கேயே செத்துப்போகும். லேபில் மைக்ராஸ்கோப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே காதால் பிரித்து வைத்துவிடுவோம்.

இதைத்தான் எழுதினேன். ஒரு ஷிப்டில் பதினாறாவது லேடில் மட்டும் ஏன் அடிக்கடி தப்பாகிறது என்று மூன்று மாதம் பின்தொடர்ந்து போனதையும், கடைசியில் அது டீ இடைவேளை நேரம் என்று கண்டுபிடித்ததையும் சேர்த்தேன். என் வேலை என்ன என்பது அதில் இருந்தது. என்னைப் பற்றி ஒரு பெருமைச் சொல் இல்லை.

போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையம் போடலாமா என்று மருமகள் கேட்டாள். வேலை தேடுகிறவர் என்று காட்ட 2020-ல் வந்த ஏற்பாடு அது. சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே என்று தயங்கினேன். "ஆள் எடுக்கறவங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி வெச்சுக்கலாம்" என்றாள். அப்படியே வைத்தோம். மான அவமானத்துக்கும் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள்.

பிறகு வாரத்துக்கு ஒன்று எழுதினேன். ஆரம்பத்தில் நாலைந்து லைக். மற்றவர்கள் எழுதியதற்கு நான் கமெண்ட் போட்டபோதுதான் என் பக்கமும் ஆள் வந்தது. மொய் நோட்டு மாதிரிதான், வைத்தால் திரும்பி வரும். சிலர் இதைக் கேவலமாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொய்யைக் கொண்டு எத்தனையோ கல்யாணம் இங்கே நடந்திருக்கிறது. படிக்காமலே 'அருமை' என்று எழுதுவதுதான் வெற்றுக் கவர் வைப்பது.

ஏழாவது வாரம் ஒரு கமெண்ட் வந்தது. 12 வருடத்துக்கு முன் எங்கள் சரக்கில் 400 உருப்படியைக் கழித்துத் திருப்பி அனுப்பிய இன்ஸ்பெக்டர். அன்று அரை மணி நேரம் சண்டை போட்டுக்கொண்டோம். அதோடு சரி, பிறகு பேசியதில்லை. 'அந்த 400-ஐயும் நீங்க ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கு' என்று எழுதியிருந்தார். அவர் மூலமாகத்தான் இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆலோசகராகப் போகிறேன்.

கூடவே இருந்த நண்பர்கள் யாராலும் ஆகாதது இவரால் ஆனது எப்படி என்று யோசித்தேன். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே இதை எழுதியிருக்கிறார்: வேலை பற்றிய தகவல் நெருங்கியவர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்களிடமிருந்துதான் அதிகம் வருகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். லிங்க்ட்இன்னிலேயே சுமார் இரண்டு கோடிப் பேரை வைத்து ஐந்து வருடம் சோதித்து, 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதிலும் கிட்டத்தட்ட இதே முடிவு. ஓரளவுக்குத் தெரிந்தவர்தான் அதிகம் கைகொடுக்கிறார். என் விஷயத்தில் அந்த 'ஓரளவு' ஒரு சண்டை.

இதையெல்லாம் வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. எழுத எழுத வேறொன்று உறுத்தியது. இத்தனை வருடம் நான் பேசாமல் இருந்ததற்கு அடக்கம் என்று பெயர் வைத்திருந்தேன். அது முழுக்க அடக்கமில்லை. சொல்லாமலே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருந்தது, அதற்குத் திமிர் என்றுதான் பெயர். என்னைப் பற்றி வாய் திறக்காதவன், எனக்குக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றியும் திறக்கவில்லை. சுத்தியலால் தட்டிக் கேட்கும் வித்தை நான் காலேஜில் படித்ததில்லை. சேர்ந்த புதிதில் மோல்டிங் மேஸ்திரி ஒருவர் என் கையைப் பிடித்து, "கண்ணை மூடிக்கிட்டுக் கேளு தம்பி" என்று சொல்லிக்கொடுத்தது. அவர் ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வையோடு முடித்துவிட்டோம்.

அவருக்கு அந்தத் தளத்தில் கணக்கு கிடையாது. பாயிரம் எழுதலாம் என்றால் எழுத இடமில்லை. என் பக்கத்திலேயே எழுதினேன், தட்டிக் கேட்கும் முறையை யார் கற்றுக்கொடுத்தது, எந்த வருடம், எந்தச் சுத்தியல் என்று. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான், 900 லைக். புனேயிலிருந்தும் ராஜ்கோட்டிலிருந்தும் ஃபவுண்டரிக்காரர்கள் தங்கள் மேஸ்திரிகளைப் பற்றி எழுதினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இருகூருக்குப் போய் அவரிடம் போனில் காட்டினேன். 74 வயது, காது மந்தமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக, தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு வாசலில் கிடந்த ஆட்டுக்கல்லைப் பார்த்தபடி கேட்டார்:

"இத்தன பேரு பார்த்தாங்கன்னா, அந்தப் பென்சன ஏத்திக் குடுப்பாங்களா தம்பி?"

அவருக்கு மாதம் 1,480 ரூபாய் வருகிறது.