வாசல் செவ்வரத்தை

பதுளைத் தோட்டங்களில் லயத்து வாசலில் செவ்வரத்தை நிற்கும். ஒக்டோபருக்குப் பிறகு மழையே அதைப் பார்த்துக்கொள்ளும். தூரில் தண்ணீர் தேங்காமல் சிறு கான் வெட்டிவிட்டால் போதும். சோதனை ஜூலை முதல் செப்டெம்பர் வரைதான். மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி இறங்கும் காற்று இங்கே வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணம் தருவது அந்தக் காற்று. செவ்வரத்தையின் மொட்டை உதிர்ப்பதும் அதே காற்று. அப்போது தினமும் மேலாகத் தெளிப்பதால் பயனில்லை. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை, வெயில் ஏறுமுன், அடிவேர் நனைய ஊற்ற வேண்டும். பீலித் தண்ணீர் நூலாய் இறங்கும் நாட்களில் என் அம்மா அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கென்றே எடுத்துவைப்பார். நீங்களும் அதைக் கானில் கொட்டிவிடாதீர்கள். தூரில் ஊற்றி, காய்ந்த சருகால் மூடிவையுங்கள்.