நடந்து திரும்ப முடியாதவை

ஆனைமலையில் உப்பு என்ற பேரோடு ஓடுவது, ஆழியாற்றில் வந்து சேரும் உப்பாறு மட்டும்தான். மற்றபடி கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த ஊரில், வீட்டு ஹாலில், 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் நான் ஒரு கடலைச் செய்துகொண்டிருந்தேன். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கிட்டத்தட்ட 7 கிலோ உப்புக் கலவையைக் கொட்டும்போது அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, நல்ல தண்ணியப் போயி உப்பாக்கறே?"

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

தொட்டி வைத்த அன்றே மீன் விட முடியாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனையே கொன்றுவிடும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு விஷமில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் பாறையில் குடியேற வேண்டும். அதற்கு நாலு முதல் ஆறு வாரம். தினமும் டெஸ்ட் கிட்டோடு வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காத்திருப்பில் ஒரு ஆபத்து இருக்கிறது. இவ்வளவு பொறுமையாக இருந்தேனே என்ற நினைப்பே, நமக்கு ஏதோ உரிமை வந்துவிட்ட மாதிரி தோன்ற வைத்துவிடும்.

முதலில் இரண்டு க்ளவுன் மீன்கள் வந்தன. பண்ணையில் பொரித்தவை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் இவற்றைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. கடலில் கை வைக்கவில்லை என்ற நிம்மதியோடு இருந்தேன்.

பிறகுதான் ஒரு கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்: "பவளம் வேணுங்களா? உயிரோட இருக்குதுங்க."

இந்தியாவில் உயிருள்ள பவளத்தை வீட்டில் வைப்பது குற்றம். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளப்பாறைகளைச் சேர்த்தார்கள். யானை இருக்கும் அதே அட்டவணை. யானையின் பேரைத் தன் பேரில் வைத்திருக்கும் ஊர்க்காரனுக்கு இது உறைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு உறைத்ததைவிட, கடைக்காரர் அடுத்துச் சொன்னதுதான் இனித்தது. "கடல் சூடாகி எப்படியும் வெளுத்துச் சாகத்தானுங்க போகுது. உங்ககிட்டன்னா பொழச்சுக்கும்."

பாதி உண்மை. மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன. என் தொட்டியிலோ வெப்பம் 26 டிகிரியைத் தாண்டாது. அப்படியென்றால் எடுப்பதுதானே காப்பாற்றுவது? அன்றிரவு இதே கேள்வியோடு படுத்திருந்தேன். சட்டம் தப்பு, நான் சரி என்று நிரூபிக்க மனது வக்கீல் மாதிரி வேலை செய்தது.

அப்போது ஞாபகம் வந்தது சின்னத்தம்பி. 2019 ஜனவரியில் கோவை தடாகம் பக்கம் பிடித்து, எங்கள் மலைக்கு மேலே டாப்சிலிப் காட்டில் கொண்டுவந்து விட்ட யானை. காடுதான், தீனிதான், தண்ணீர்தான். எல்லாம் அதன் நல்லதுக்குத்தான். அது சில நாளிலேயே இறங்கி நடந்து, உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டுக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். யார் செய்தது சரி என்பது வேறு பேச்சு. ஆனால் அந்த யானை தன் மறுப்பைக் கால்களால் சொன்னது. எல்லாருக்கும் அது கேட்டது.

பவளத்துக்குக் கால் இல்லை. அது மறுக்காததை நான் சம்மதமாக எழுதிக்கொள்ளப் பார்த்தேன்.

காப்பாற்றுவதாகச் சொல்லி எடுப்பவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: எப்போது திருப்பித் தருவாய்? தூத்துக்குடியில் ஆராய்ச்சியாளர்கள் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் பொருத்திக் கடலுக்குள்ளேயே வளர்க்கிறார்கள். அது காப்பாற்றுவது. என் திட்டத்தில் திருப்பித் தரும் தேதியே இல்லை. இருந்தது ஹாலும், நீல விளக்கும், பார்க்க வரும் நண்பர்களும்.

இதனால் என் கை சுத்தம் என்று சொல்ல வரவில்லை. அந்த இரண்டு மீன்களின் முன்னோர்களும் யாரோ கடலிலிருந்து எடுத்தவைதான். இவற்றுக்குத் திரும்பிப் போகக் கடல் இல்லை, அதனால் சாகும்வரை என் பொறுப்பு. கரண்ட் போனால் ராத்திரி எழுந்து பேட்டரியை மாட்டுகிறேன்.

செயற்கைப் பாறையின் உச்சியில், பவளத்துக்காக ஒதுக்கிய இடம் காலியாகவே இருக்கிறது. போன வாரம் அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார், "அங்க எதோ வெக்கப் போறேன்னியே, எங்க அது?"

"கடல்ல இருக்குதும்மா."

"அப்ப அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.