பத்தாயிரம் ரூபாய் பயம்

ஆரணியில் ஒரு சனிக்கிழமை இரவு. பைக்கை உதைத்துக் கிளம்பியவரிடம் இன்னொருவர் சொன்னார்: "வேலூர் ரோட்டுல ஊதச் சொல்றாங்கண்ணே, ஆத்தங்கரையா போயிடுங்க." அவரும் அப்படியே போனார். சட்டத்தின் பயம் அவரிடம் இல்லாமலில்லை. அது குடித்த கையைத் தொடவில்லை. வண்டியின் திசையை மட்டும் மாற்றிற்று.

2019-ல் சட்டத்தைத் திருத்தி, குடித்துவிட்டு ஓட்டுவதற்கான முதல் அபராதத்தை 2000 ரூபாயிலிருந்து 10000 ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. தறிக்குழியில் கால் வைத்து உட்காருகிறவருக்கு இது சில்லறையல்ல. (2003 முதல் சில்லறைக் கடையும் அரசுடையது, ஊதுகருவியும் அரசுடையது.) ஆனால் தண்டனையின் கொடுமையைவிட அதன் நிச்சயமே தடுக்கும் என்று பெக்காரியா 1764-லேயே எழுதிவிட்டார். பிரிட்டனில் 1967-ல் மூச்சுச் சோதனை வந்ததும் விபத்துகள் சட்டென்று குறைந்தன. பிடிபடுவது அபூர்வம் என்று ஜனங்களுக்குப் புரியப்புரியப் பயன் தேய்ந்தது என்று ஹெச். லாரன்ஸ் ராஸ் காட்டினார். நெசவாளிக்கு இது புதிதல்ல. பாவில் இழை அறுந்தால் அப்போதே முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்கிறார். விட்டால் புடவையில் தெரியும், எப்போதும் தெரியும்.

பயத்தால் குடிக்காமல் ஓட்டுகிறவன் நல்லவனா? கான்ட் இல்லை என்பார். குறளின் கள்ளுண்ணாமை அதிகாரமும் அரச தண்டனையைப் பேசாமல் நாணத்தைப் பேசுகிறது. வெகுகாலம் என் சாய்வும் அந்தப் பக்கமே. இப்போது தயக்கமாயிருக்கிறது. இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவனுக்கு எதிரே வருபவனின் ஆத்ம சுத்தி வேண்டாம். தெளிந்த கண் போதும்.

தவிரவும், 185-ஆம் பிரிவுக்கு நம்மிடம் இல்லாத ஒரு நேர்மை உண்டு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். யாரும் அடிபடும்வரை அது காத்திருப்பதில்லை. நாம் காத்திருக்கிறோம். வீடு போய்ச் சேர்ந்தவனைக் கேலி பேசி விட்டுவிடுகிறோம், மோதியவனைக் கொலைகாரன் என்கிறோம். இருவர் குடித்ததும் ஒரே அளவு. ஒருவன் பாதையில் ஒரு குழந்தை குறுக்கே வந்தது, மற்றவன் பாதையில் வரவில்லை.

அன்று ஆற்றங்கரை வழியைச் சொன்னவர் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. அந்த வழியில் விளக்கு இல்லை என்பது அவருக்கும் தெரியும். 185-ஆம் பிரிவு அவரைப் பிடிக்காது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த என்னையும்.