படியளப்பவனும் கூலிக்கு வந்தவனும்

மார்கழி அஷ்டமியன்று மீனாட்சியும் சொக்கநாதரும் சப்பரத்தில் வெளி வீதிகளைச் சுற்றி வருவார்கள். வழியெல்லாம் அரிசி தூவுவார்கள். எறும்பு முதல் யானை வரை படியளக்கிற லீலை அது. அம்மன் சப்பரத்தைப் பெண்கள்தான் இழுப்பார்கள். என் சம்சாரமும் வடம் பிடிப்பாள். சிந்திய அரிசியில் நாலு மணி பொறுக்கி வந்து வீட்டு அரிசிப் பானையில் போடுவாள்.

நான் கட்டட மேஸ்திரி. படியளக்கிறவன் அவன் என்றால், விடிந்ததும் ஆள் நிற்கிற முக்கில் நான் செய்வது என்ன? கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் என்று நாற்பது ஐம்பது பேர் தூக்குச்சட்டியோடு நிற்பார்கள். ஐந்தாறு பேரைக் கூப்பிடுவேன். வெயில் ஏறியபிறகும் நிற்பவர்கள் 'இன்னைக்கு நமக்கு எழுதலை' என்று வீடு திரும்புவார்கள். எழுதியவன் யார்? வயசாளியைத் தாண்டிப்போய் வாட்டசாட்டமான பையன்மேல் நின்றது என் கண். அதைத் தலையெழுத்து என்று சொன்னால் எனக்குத்தான் சௌகரியம்.

அதனால் ஆவணி மூலத்துப் பிட்டுத் திருவிழா எனக்கு ஒருபடி மேல். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் 61-வது படலம். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைத்த நாதியற்ற வந்திக் கிழவிக்கும் கரையில் பங்கு அளந்துவிட்டார்கள். அங்கே சொக்கநாதர் படியளக்க வரவில்லை. கூலிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வருகிறார். உதிர்ந்த பிட்டுதான் சம்பளம். தின்றார், ஆடினார், தூங்கினார், பிரம்படி பட்டார். அந்த அடி எல்லா உயிர்மேலும் விழுந்ததைத்தான் பிரசங்கத்தில் விரித்துச் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தின இடம் போதும். சாமியே வேலை கேட்டுத் தெருவில் நின்றிருக்கிறது. பிறகு, முக்கில் நிற்கிறவனைப் போன பிறவிப் பாவி என்று எப்படிச் சொல்வது?

என்னிடம் வேலை பார்க்கும் கொத்தனார் ஒருவர் வேதக்காரர். ஏசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையில், தோட்டக்காரர் பொழுது சாய்கிற வேளையிலும் சந்தைக்குப் போய், நிற்கிறவர்களைக் கூட்டிவந்து முழுக்கூலி கொடுக்கிறாராம். அந்தக் கணக்கு நமக்குக் கட்டாது என்றேன். ஆனால் அவர் திரும்பத் திரும்பப் போனாரே, அது உறுத்துகிறது. நான் ஒரு தடவைதான் போகிறேன்.

அந்த ஒரு தடவையும் குறைந்து வருகிறது. தளம் போட முன்பெல்லாம் இருபது பேர் வரிசையாக நின்று சட்டி கைமாற்றுவார்கள். ரெடிமிக்ஸ் லாரி வந்தால் நாலு பேர் போதும். இன்று வைகை உடைந்தால் ஜேசிபிதான் வரும். சொக்கநாதருக்கே கூலி கிடைக்காது. வீட்டுக்காரர் ரெடிமிக்ஸ் என்கிறார், நானும் சரி என்கிறேன். இதில் பிரம்மா எங்கே எழுதினான்? நாங்கள் இரண்டு பேர் டீக்கடையில் பேசி முடித்ததுதான்.