ஆசையால் ஆசையை விட முடியுமா?

ஆன்மிக நூல்களைப் படிக்கும் இல்லறத்தார் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஆசையை விட வேண்டும் என்று மகான்கள் அனைவரும் உபதேசிக்கிறார்கள். ஆனால் அப்படி விட வேண்டும் என்று எண்ணுவதும் ஓர் ஆசைதானே? அவ்வாறிருக்க ஆசையற்ற வாழ்வு எப்படிச் சாத்தியமாகும்? சாத்தியமே ஆனாலும், எதையும் விரும்பாதவன் கல்லுக்கும் கட்டைக்கும் ஒப்பாகிவிட மாட்டானா?

இந்த ஐயத்தை நமது சாஸ்திரங்கள் ஒதுக்கிவிடவில்லை. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம், ஆசைவயப்பட்டிருப்பது புகழத்தக்கதன்று என்று கூறுகிறது. ஆயினும் ஆசை அறவே இல்லாத நிலையை இவ்வுலகில் காண முடியாது என்பதையும் உடனே ஒப்புக்கொள்கிறது. வேதம் ஓதுவதும் வேள்வி செய்வதும்கூட விருப்பத்திலிருந்தே தொடங்குகின்றன என்பது அதன் கருத்து. திருவள்ளுவரும் அவாவறுத்தல் என்னும் 37-ஆம் அதிகாரத்தில், விருப்பமின்மையையே விரும்பிப் பெற வேண்டும் என்றுதான் வழிகாட்டுகிறார்.

இதே கேள்வியை ஒருவர் நேரடியாகவே கேட்டதைப் பௌத்தர்களின் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. கோசம்பி நகரம் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் யமுனைக் கரையில் இருந்தது. அங்கே கோசிதாராமம் என்னும் சோலையில் தங்கியிருந்த ஆனந்தரை, உண்ணாபர் என்ற அந்தணர் சந்தித்தார். கௌதமரிடம் துறவு வாழ்க்கை மேற்கொள்வது எதற்காக என்று அவர் கேட்க, ஆசையைக் கைவிடுவதற்காக என்றார் ஆனந்தர். அதற்கு வழி யாது என்று கேட்டபோது ஆர்வம், முயற்சி, சித்தம், ஆராய்ச்சி என்ற நான்கின் துணையால் மனத்தை ஒருமுகப்படுத்துவதே வழி என்றார். இங்கே ஆர்வத்தையும் ஆசையையும் பாலி மொழியின் ஒரே சொல் குறிக்கிறது. ஆகவே அந்தணர் விடவில்லை: ஆசையைக் கொண்டே ஆசையை விடுவதென்றால் அதற்கு முடிவே இராதே என்றார்.

ஆனந்தர் தர்க்கத்தில் இறங்கவில்லை. இந்தச் சோலைக்கு வர வேண்டும் என்ற விருப்பம் முன்பு உமக்கு இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றார் அந்தணர். வந்து சேர்ந்த பிறகு அது எங்கே? அடங்கிவிட்டது. அதற்கான முயற்சியும் யோசனையும்? அவையும் அடங்கிவிட்டன. சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்த ஞானியின் ஆசையும் இவ்வாறே அடங்குகிறது என்று ஆனந்தர் விளக்க, அந்தணர் தெளிவு பெற்றார்.

இவ்விடையில் நமக்கு ஓர் உரைகல் கிடைக்கிறது. சென்று சேர்ந்ததும் அடங்கும் விருப்பம் ஒன்று; சேரச் சேர வளரும் விருப்பம் மற்றொன்று. மகாபாரதத்தில் யயாதி மன்னன் தன் மகன் புருவின் இளமையைக் கடனாகப் பெற்று ஆயிரம் ஆண்டுகள் இன்பம் துய்த்தான். அனுபவிப்பதால் ஆசை தணிவதில்லை என்பதை அதன் பிறகே உணர்ந்து இளமையைத் திருப்பித் தந்தான். அவன் நடந்த பாதையில் சேருமிடம் என்று ஒன்று இல்லை.

நோயுற்ற குழந்தையின் தலைமாட்டில் இரவெல்லாம் கண்விழித்திருக்கும் தாயிடம், ஆசையை விடு என்று உபதேசிப்பது முறையாகுமா? ஆகாது. தர்மத்திற்கு முரண்படாத ஆசையாகத் தாமே உயிர்களிடம் இருப்பதாகக் கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் பகவான் கூறுகிறார். குழந்தை பிழைக்க வேண்டும் என்ற அவளது விருப்பம் அது பிழைத்ததும் நிறைவடைந்துவிடும். அதே தாய் பின்னாளில், 'என் பிள்ளை நான் சொன்ன படிப்பையே படிக்க வேண்டும், நான் குறித்த வாழ்வையே வாழ வேண்டும்' என்று பிடிவாதம் கொண்டால், அங்கே யயாதியின் ஆசை குடிபுகுந்துவிட்டது. விட வேண்டியது அதைத்தான்.

அவளது வேண்டுதல் பலிக்காமற்போய் அவள் அழ நேர்ந்தாலும், அக்கண்ணீரைப் பற்று என்று பழிக்க நமக்கு உரிமையில்லை. கோசம்பியில் அவ்வளவு தெளிவாக விடையளித்த ஆனந்தரே, குசிநகரில் புத்தர் உடலை விடும் தறுவாயில் இருந்தபோது தனியே ஒதுங்கி நின்று அழுதார். புத்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அருகே அழைத்து, நிலையாமையை நினைவூட்டி, அவர் நீண்டகாலம் அன்புடன் ஆற்றிய தொண்டைப் புகழ்ந்தார். பாதையை அறிந்தவரும் அதை நடந்து முடிக்கக் காலம் ஆகிறது.

இனி, ஆசை அடங்கியவர் கல்லாகிவிடுவாரா? புத்தர் 35-ஆம் வயதில் ஞானம் பெற்றார், 80-ஆம் வயதில் மறைந்தார் என்பது மரபு. தமக்கென்று அடைய வேண்டியது எதுவும் இல்லாத அந்த 45 ஆண்டுகளும் அவர் ஊர் ஊராக நடந்து, துயருற்றோரைத் தேடிச் சென்றார். தன் பொருட்டு ஓடிய ஓட்டம் நின்றபின் பிறர் பொருட்டு நடக்க அவருக்குத் தடையேதும் இருக்கவில்லை.

ஆகவே ஆசையற்ற வாழ்வு இயலும், அது விரும்பத்தக்கதும்கூட. நாம் இன்னும் வழியில் இருக்கிறோம். எல்லா விருப்பங்களையும் ஒரே நாளில் வெட்டி எறிய முனைந்து சோர்ந்துபோக வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் உறங்கப்போகுமுன், இன்று நிறைவேறிய ஒரு விருப்பத்தை எடுத்துக்கொண்டு, அது நம் மனத்தை அமைதியில் விட்டதா, அடுத்ததைத் தேடி விரட்டியதா என்று பார்ப்போம். விரட்டியதை அடையாளம் கண்டுகொண்டாலே அதன் பிடி தளரத் தொடங்கும். இறைவனை அறிய வேண்டும் என்ற ஒரு விருப்பத்தை மட்டும், சேருமிடம் சேரும்வரை விடாமல் பற்றியிருப்போம்.