சொன்னேன், அது போதுமா?



நம்ம பெரிய மார்க்கெட்டில் மீன் பக்கம் தரை ஈரமாய்க் கிடக்கும்போது மூட்டை வண்டி தள்ளி வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாரமும் வேகமும் சேர்ந்துவிட்டால், முன்னாடியே பிடிக்காத வண்டி நிற்காது. "ஓரம், ஓரம்!" என்கிற சத்தம்தான் மிச்சம். ஆகாய விமானத்துக்கும் இதே கணக்குதான்.

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். மலை உச்சியில் அமைந்த ஓடுபாதை, நீளம் 8,033 அடி. அதிக உயரத்திலும் வேகத்திலும் வந்த விமானம் சுமார் 5,200 அடி தாண்டித்தான் தரையைத் தொட்டது. இறங்க வேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியிருக்கிறார். கேப்டன் கேட்கவில்லை. 158 பேர் மாண்டார்கள், 8 பேர் தப்பினார்கள். சுற்றி வந்திருந்தால் கொஞ்சம் எரிபொருளும் சில நிமிஷமும்தான் செலவு. நானூறு பேரோடு பட்டயம் கட்டிப் புறப்பட்ட தாவீது, அபிகாயிலின் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனானே, அதனால் அவன் சிறுமைப்பட்டானா?

பத்து வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை, ஈரமான ஓடுபாதை, அதுவும் மலைமேல்தான். அங்கேயும் துணை விமானி சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. 21 பேர் மரித்தார்கள், இரண்டு விமானிகளும் அதில் சேர்த்தி. துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்து விமானத்தை மேலே ஏற்றவில்லை என்பதையும் விசாரணை அறிக்கை குறையாகச் சொன்னது. மரித்தவர்களை நியாயந்தீர்க்க நான் யார்? ஆனால் அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் நானும் ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டவன்தான். மார்க்கெட்டில் நமக்கு அடுத்த கடைக்காரர், சபையில் மூத்த விசுவாசி. மகள் கல்யாணத்துக்கு மீட்டர் வட்டிக்குப் பணம் வாங்கினார். "வேணாம்ணே" என்றேன். "கர்த்தர் பார்த்துக்குவார் தம்பி" என்றார். பெரியவர், அதுக்கு மேல என்ன பேசறது என்று இருந்துவிட்டேன். இப்போது கடை அவர் கையில் இல்லை.

எசேக்கியேல் சொல்லும் காவற்காரன் எக்காளம் ஊதிவிட்டால் அவன்மேல் பழியில்லை என்று ஒரு சகோதரர் எனக்கு ஆறுதல் சொன்னார். வேதம் சொல்வது மெய்தான். ஆனால் அவன் மதில்மேல் நிற்கிற காவற்காரன், நான் அவரோடு அதே விமானத்தில் உட்கார்ந்திருந்தவன் அல்லவா? அவர் கையைப் பிடித்து இழுக்க எனக்கு அதிகாரமில்லை, சரி. அண்ணியிடம் பேசியிருக்கலாம். பாஸ்டரிடம் அழைத்துப் போயிருக்கலாம். நாலு கடைக்காரர்கள் சேர்ந்து பணம் புரட்டியிருக்கலாம். மரியாதை என்று பேர் வைத்து என் பயத்தை மூடிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் "வா தம்பி" என்றார், அவ்வளவுதான். ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. இந்த வாரமும் போகிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.