அடக்குதலும் அடங்குதலும்

விருந்தோம்பல் தமிழர் வாழ்வில் அறமாகவே போற்றப்பட்டு வந்துள்ளது. மலேசிய மண்ணில் அவ்வறம் மேலும் விரிந்த வடிவம் பெற்றுள்ளது. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகிய திருநாள்களில் இனமும் சமயமும் பாராது, ஒருவர் இல்லத்திற்கு மற்றவர் சென்று உண்டு மகிழ்வது ‘திறந்த இல்ல உபசரிப்பு’ என்னும் பெயரால் நிலைபெற்றுவிட்டது. வாயிலில் கோலம், கூடத்தில் முறுக்கும் அதிரசமும், முன்றிலில் சிறுவரின் ஆரவாரம், தெருவெங்கும் வெடியோசை. அந்நாளில் அனைவரும் மகிழ்கின்றனர் என்றே எண்ணத் தோன்றும். ஆயின், பின்கட்டில் கட்டப்பட்டு ஓயாமல் குரைத்துக் கொண்டிருக்கும் நாயின் நிலை யாது என்று வினவுவார் மிகச் சிலரே.

அந்த நாய்க்கு நேர்வது என்ன? ஆண்டின் பிற நாள்களிலெல்லாம் அயலார் வாயிலை அணுகினால் குரைக்க வேண்டும் என்பதே அதனிடம் வீட்டார் எதிர்பார்க்கும் கடமை. அக்கடமையைச் செய்யுந்தோறும் அது பாராட்டப்பட்டது. திருநாளன்று ஒருவரல்லர், ஐம்பதின்மர் வாயிலைக் கடந்து உள்ளே வருகின்றனர். அன்று மட்டும் குரைத்தல் குற்றமாகிறது. நேற்றுவரை நன்றி எனப்பட்டது இன்று நாணக்கேடு எனப்படுகிறது. மேலும், மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கவல்லது. நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 அதிர்வுகள் வரை எட்டுவது. வீட்டாருக்கு விழாவாகத் தோன்றும் ஓசை, நாய்க்குப் போர்க்களமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

நாயை அமைதியுறச் செய்யும் வழிகள் இரண்டு. அதட்டியும் அடித்தும் கழுத்துச் சங்கிலியை இறுக்கியும் அதன் வாயை அடைத்தல் ஒன்று. பல வாரங்கள் முன்னரே பொறுமையுடன் பழக்குதல் மற்றொன்று. முதல் வழி சில நிமிடங்களில் பயன் தருவது; இரண்டாவது வழி காலத்தையும் உழைப்பையும் வேண்டி நிற்பது. இரண்டின் முடிவும் அமைதியே என்றால், வழியைப் பற்றிய கவலை எதற்கு என்னும் கேள்வி எழுகிறது. அறநூல் பயில்வோர் எளிதில் ஒதுக்கிவிடக் கூடாத கேள்வி இது.

இதற்கு விடை காண ஓர் ஆய்வு துணை செய்யும். 1967ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர்களான மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களைக் கொண்டு சோதனை நிகழ்த்தினர். தம் முயற்சியால் நிறுத்த இயலாத மின்னதிர்ச்சிக்குச் சில நாய்கள் உள்ளாக்கப்பட்டன. பின்னர், தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடக் கூடிய பெட்டியில் அவை விடப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. கிடந்த இடத்திலேயே கிடந்து துன்பத்தை ஏற்றன. அந்த ஆய்வின் கொடுமை வருந்தத்தக்கதே. எனினும், அது வெளிப்படுத்திய உண்மை மறக்கத்தக்கதன்று. அசையாமை வேறு, அமைதி வேறு. நம்பிக்கை இழந்த உயிரும் அசையாமல் இருக்கும். மனநிறைவுற்ற உயிரும் அசையாமல் இருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டும் உள்ளத்தால் எதிர் எதிர்த் துருவங்கள்.

அச்சத்தால் விளையும் அமைதிக்கு மற்றொரு தீங்கும் உண்டு. உதட்டை நக்குதல், கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்புதல், வாலை ஒடுக்குதல், இறுதியில் உறுமுதல் ஆகியன அஞ்சிய நாய் பேசும் மொழி. ‘அணுகாதீர்; அஞ்சுகிறேன்’ என்பதே அம்மொழியின் பொருள். உறுமும் நாயை அடித்தால் உறுமல் நிற்கும், அச்சம் நிற்பதில்லை. எச்சரிக்கும் மொழியைப் பறிகொடுத்த நாய், ஒருநாள் எச்சரிக்கையின்றியே கடித்துவிடக் கூடும். அப்பொழுது, ‘இத்தனை நாள் சாதுவாக இருந்ததே!’ என்று வீட்டார் திகைப்பர். அது சாதுவாக இருக்கவில்லை, ஊமையாக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது வழி இதனின் வேறுபட்டது. கூடத்தின் ஓர் ஓரத்தில் சிறு பாய் ஒன்று விரிக்கப்படுகிறது. நாய் தானாக அதன்மீது படுக்கும்பொழுது, ஒரு துண்டு உணவும் மெல்லிய பாராட்டும் கிடைக்கின்றன. முதலில் வீட்டார் மட்டும் இருக்கும் அமைதியான வேளையில் இப்பயிற்சி நிகழும். பின்னர், அழைப்புமணி ஒருமுறை ஒலிக்கும். அடுத்து, பழகிய நண்பர் ஒருவர் வருவார், பிறகு இருவர், பிறகு சிறுவர். நாய் தாங்கக் கூடிய அளவைக் கடக்காமல் ஒவ்வொரு படியும் அமைதல் வேண்டும். தாங்க இயலாத வேளையில் எழுந்து செல்ல, ஓசை குறைந்த ஓர் அறையும் தண்ணீரும் காத்திருத்தல் வேண்டும். இதில் முதன்மையானது உணவுத் துண்டன்று. விலகிச் செல்லும் வாய்ப்பே. வழி திறந்திருக்கிறது என்று அறிந்த உயிர்தான் அஞ்சாமல் தங்கியிருக்கும்.

‘உணவு காட்டிப் பெறும் அமைதி கையூட்டன்றோ?’ என்று சிலர் மறுப்பர். கையூட்டு என்பது, கடமை இன்னதென அறிந்தவனை அதனின்று வழுவச் செய்யத் தரப்படுவது. நாயோ கடமையை இனித்தான் கற்க வேண்டும். நற்செயலைப் பன்முறை செய்து பழகுவதாலேயே நற்பண்பு உருவாகும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கருதினார். நாய்க்கு அறம் தெரியாது. எனினும் பழக்கம் அதற்கும் பொது. தொடக்கத்தில் உணவுக்காகப் படுத்த நாய், நாளடைவில் அவ்விடத்தில் தீங்கு நேராது என்று கண்டுகொண்டு படுக்கிறது. உணவு தொடக்கம், நம்பிக்கையே முடிவு.

‘விருந்தினர் நலனன்றோ முதன்மையானது?’ என்பது மற்றொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. நாயைக் கண்டு அஞ்சும் குழந்தைகளும் முதியோரும் வருவர். மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி சட்டநெறியைப் பின்பற்றுவோர்; அந்நெறிப்படி நாயின் உமிழ்நீர் பட்ட இடத்தை ஒருமுறை மண் கலந்த நீர் உட்பட ஏழு முறை கழுவுதல் வேண்டும். அத்தகைய நண்பர்கள் வரும் வேளையில் நாயைத் தனியறையில் இருத்துவது பண்பாடே. ஆனால், அவ்வறை சிறையாக இருக்கத் தேவையில்லை. முன்னரே பழக்கப்பட்ட நாய்க்கு அது ஓய்விடம். பழக்கப்படாத நாய்க்கு அது தண்டனை. கதவு ஒன்றே, உள்ளிருக்கும் உயிரின் நிலைதான் வேறு. விருந்தினர் நலனும் நாயின் நலனும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல. முன்னேற்பாடு இல்லாமையே அவற்றைப் பகையாக்குகிறது. கூட்டத்தை ஒருபோதும் தாங்கவியலாத நாய்களும் உள்ளன. அவற்றைக் கூடத்திற்கு இழுத்து வந்து பெருமை காட்டாதிருத்தலே அவற்றுக்குச் செய்யும் நீதி.

திருக்குறளின் 13ஆம் அதிகாரம் ‘அடக்கமுடைமை’ என்னும் பெயர் பூண்டுள்ளது. அப்பெயரில் உள்ள ‘உடைமை’ என்னும் சொல் சிந்தனைக்குரியது. உடைமை என்பது ஒருவர் தமக்கெனக் கொண்டிருப்பது. பிறர் வெளியிலிருந்து சுமத்துவதன்று. அடக்குதல் பிறர் செயல். அடங்குதல் தன் செயல். மனிதரிடத்தில் இவ்வேறுபாடு தெளிவாக உணரப்படுகிறது. பிரம்பு மேசைமீது இருக்கும்வரை மட்டும் அமைதி காக்கும் வகுப்பறையையும், ஆசிரியர் வெளியே சென்ற பின்னும் தன் பணியில் ஆழ்ந்திருக்கும் வகுப்பறையையும் அறியாத ஆசிரியர் இலர். முன்னதில் இருப்பது ஒழுங்கு. பின்னதில் இருப்பது ஒழுக்கம். குறள் கூறும் அறவுணர்வை நாயிடம் எதிர்பார்த்தல் இயலாது. ஆயினும், அஞ்சி ஒடுங்குதலுக்கும் நம்பி அமைதலுக்கும் உள்ள தொலைவு அதன் உள்ளத்திலும் உண்டு.

வாதாடவோ முறையிடவோ நாயால் இயலாது. ஆதலின், இவ்வறத்தின் சுமை முழுவதும் மனிதன்மீதே விழுகிறது. மலேசியாவில் 2015ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டம், வளர்ப்பு உயிர்களைத் துன்பத்தினின்று காப்பது உரிமையாளரின் கடமை என விதிக்கிறது. சட்டம் கொடுமையைத் தடுக்கலாம். பொறுமையைக் கற்பிக்க அதனால் இயலாது. மகாபாரதத்தின் இறுதிப் பயணத்தில், தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுத் துறக்கம் புக மறுத்தார் தருமர். அந்நாயே அறக்கடவுளாக வெளிப்பட்டது என்பது கதை. துறக்கத்தின் வாயிலில் தருமர் அடைந்த சோதனை, இல்லத்தின் வாயிலில் ஒவ்வொரு திருநாளும் எளிய வடிவில் நிகழ்கிறது.

பிறர் முன்னிலையில் பெருமை குன்றாதிருக்க ஓர் உயிரின் வாயை அடைத்தல் எளிது. அவ்வுயிர் அஞ்சாதிருக்கும் வகையில் இல்லத்தை அமைத்தல் அரிது. வலியவன் எளியதன்மீது கொள்ளும் அதிகாரம் எத்தகையது என்பதை, அதனிடம் அவன் பெறும் அமைதியின் தன்மையே காட்டிவிடும்.